அக்கா வாங்கி வந்த கையெழுத்துகள்

எங்கள் கட்சியில் கையெழுத்துதான் முதலில் வரும். மனு அதற்குப் பிறகுதான் வரும். வெளியாட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். மாதம் ஒரு முறை நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு அலைகிறவர்களுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று தெரியும். எந்தப் பிரச்சினையைக் கிளப்புவது என்பது கூட்டத்துக்கு ஒன்றிரண்டு நாள் இருக்கும்போதுதான் முடிவாகும். அதற்குப் பிறகு எழுமலைக்கும் கொட்டாம்பட்டிக்கும் ஆள் அனுப்பி, காட்டு வேலைக்குப் போனவர்களைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குவது நடக்கிற காரியமா? அதனால் ஊர் ஊராகக் கிளைக் கூட்டம் போடும்போதே கோடு போட்ட தாள்களில் பெயரும் கையெழுத்தும், எழுதத் தெரியாதவர்களின் கைநாட்டும் வாங்கி வைத்துக்கொள்வோம். ஊர்ப் பெயரை எழுதி, ரப்பர் பேண்டு போட்டு, என் கடை அலமாரியில் அடுக்கிவிடுவோம். விஷயம் முடிவானதும் நான் மனுவை டைப் செய்து, அந்த ஊர்க் கட்டிலிருந்து நான்கைந்து தாளை உருவிப் பின்னால் வைத்து ஸ்டேப்ளர் அடிப்பேன்.

இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவன் நான்தான். அதில் எனக்குப் பெருமை வேறு.

கலெக்டர் ஆபீசுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சந்தில் எனக்கு டி.டி.பி., ஜெராக்ஸ் கடை. குடியிருப்பது வில்லாபுரத்தில், வாடகை வீட்டில். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வேலித் தகராறு என்று எல்லா மனுவும் எழுதுவேன். கட்சி மனுவுக்கு மட்டும் கூடுதலாக ஒரு மெனக்கெடல் இருக்கும். வார்த்தையை எடைபோட்டுப் பார்ப்பேன். வாசிக்கிற அதிகாரி நாற்காலியில் ஒரு தடவையாவது நெளிய வேண்டும் என்பது என் கணக்கு. "நீ எழுதுனா கலெக்டரே நிமுந்து பாக்குறாருப்பா" என்று எங்கள் மாவட்டச் செயலாளர் ஒரு தடவை சொன்னார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் பல மாதம் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன்.

எனக்கு அப்பா வழியில் வந்தது கோபம் ஒன்றுதான். நிலம் வரவில்லை. எழுமலைக்கு மேற்கே இருக்கும் எங்கள் ஊரில், எங்கள் தெருவில் யாருக்குமே நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, களையெடுத்து, கதிரறுத்துப் பிழைத்தவர்கள். என்னைவிட ஆறு வயது மூத்த அக்கா அதே தெருவில்தான் வாழ்க்கைப்பட்டாள். மச்சானின் அப்பா ஒரு வறட்சிக் காலத்தில் ஊர்க் கண்மாயின் உள்ளே, கரைக்கு எதிர்ப்பக்கம் மேடாகக் கிடந்த இடத்தில், கருவேல முள்ளை வெட்டிச் சுமாராக ஒரு ஏக்கரைத் திருத்தினார். அவரைப் பார்த்துத் தெருவில் பத்துப் பதினைந்து குடும்பம் இறங்கியது. கத்தரி, மொச்சை, கொஞ்சம் சோளம். கண்மாய் நிரம்பினால் தண்ணீர் அந்த மேடு வரைக்கும் ஏறும். ஆனால் அது நிரம்பி நான் பார்த்தது டவுசர் போட்ட வயதில்தான்.

சர்க்கார் இடத்தில் பயிர் வைத்ததற்கு அவ்வப்போது அபராதம் போட்டு ஒரு ரசீது கொடுப்பார்கள். அந்த ரசீதுகளை அக்கா பிளாஸ்டிக் பையில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்திருந்தாள். "அக்கா, இது பத்திரம் இல்ல. நீ தப்புப் பண்ணதுக்குக் குடுத்த சீட்டு" என்று ஒரு தடவை விளக்கினேன். "கவர்மெண்டு சீல் இருக்குல்ல, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினாள். அந்த ஒரு ஏக்கரில்தான் மகனைப் படிக்க வைத்தாள், அவனுக்குக் கல்யாணமும் முடித்தாள். கூலிக்குப் போகிறவள் என்று யாரும் சொல்லாமல் விவசாயி என்று சொல்ல வேண்டும் என்பது அவளுக்கு மூச்சு மாதிரி.

அதனால்தான் கட்சிக்கு வந்தாள். நானும் அதற்காகத்தான் வந்தேன். பச்சைத் துண்டைத் தோளில் போட்டுவிட்டால் நிலம் உள்ளவன், இல்லாதவன், மேலத்தெரு, கீழத்தெரு என்று எதுவும் கிடையாது, விவசாயி என்பது ஒரே சாதி என்று செயலாளர் மேடையில் பேசினார். அவர் எங்கள் ஊர்தான், மேலத்தெரு. மேடைப் பேச்சை நம்புகிற ஆள் இல்லை நான். ஆனால் கூட்டம் முடிந்து அவர் வீட்டில் சாப்பிடப் போனபோது எங்கள் தெருக்காரர்களையும் கூடத்தில் வரிசையாக உட்கார வைத்து, அவரே குனிந்து குழம்பு ஊற்றினார். என் அப்பா அந்த வீட்டின் பின்வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன், கண் கலங்கியது தெரியக் கூடாதென்று. இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சாப்பாட்டை என்னால் பொய் என்று சொல்ல முடியவில்லை.

ஒரு தேர்தலிலும் நின்றோம். எங்களுக்கென்று சொந்தச் சின்னம் கிடையாது. இருப்பதில் ஒன்றைக் கொடுப்பார்கள். அந்தத் தடவை ஏசி மெஷினைக் கொடுத்தார்கள். மழையில்லாமல் வெடித்துக் கிடக்கிற ஊர்களில் பச்சைத் துண்டு போட்டுக்கொண்டு ஏசிக்கு ஓட்டுக் கேட்டோம். "யாரு வீட்லடி ஏசி இருக்கு, அதக் காட்டு மொதல்ல" என்று கேலி பேசியவர்களிடம், "ஜெயிக்க வைங்க, வயக்காட்டுல மாட்டித் தாரோம்" என்று அக்கா திருப்பிக் கொடுத்தாள். டெபாசிட் போனது. அக்கா மட்டும் சோர்ந்து போகவில்லை. எங்கள் தெருக் கிளைக்கு அவள்தான் பொறுப்பாளர் என்று செயலாளர் அறிவித்திருந்தார். அதற்குக் கொடுத்த கட்சி அட்டையைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தாள். கையெழுத்து வேண்டும் என்று நான் போனில் சொன்னால் போதும், மறுநாள் காலையில் தெருவில் ஒரு வீடு விடாமல் வாங்கிவிடுவாள். "எதுக்குத்தா?" என்று யாராவது கேட்டால், "என் தம்பி எழுதுவான், நல்லதுக்குத்தான்" என்பாள். அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

அந்தப் போன் வந்தது ஒரு மத்தியான வேளையில். கடையில் கூட்டம். செயலாளர் பேசினார். நாளைக்குக் குறைதீர் கூட்டம், எங்கள் ஊர்க் கண்மாய் விஷயத்தைக் கிளப்பியாக வேண்டும் என்றார். கண்மாயின் தென்மூலையில் ஒரு பெரிய மனிதர் வளைத்துப் போட்டிருந்த தென்னந்தோப்பு எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வரத்துக் கால்வாய் வாயிலேயே தோப்பு நிற்பதால் மழை பெய்தாலும் கண்மாய்க்குத் தண்ணீர் வராது. கண்மாய்த் தண்ணீரை நம்பி வயல் வைத்திருப்பவர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். செயலாளருக்கும் அங்கே எட்டு ஏக்கர் உண்டு.

"தோப்ப எடுக்கச் சொல்லி எழுதுப்பா. ஆனா பேரு போடாத. தோப்புன்னும் போடாத. நாளைக்கு அந்தாளு மூஞ்சில முழிக்கணும்" என்றார்.

"அப்பறம் எப்புடிண்ணே எழுதுறது?"

"அதான் உனக்குத் தெரியுமே."

தெரியும்தான். அதில்தானே நான் கெட்டிக்காரன். ஒரு பெரிய மனிதனின் பெயரைப் போடாமல் அவனைக் குத்த வேண்டும் என்றால் எல்லோரையும் சேர்த்து எழுத வேண்டும். 'மேற்படி கண்மாயின் உட்பகுதியில் உள்ள அனைத்து ஆக்கிரமிப்புகளையும் பாரபட்சமின்றி உடனடியாக அளவீடு செய்து அகற்றுமாறு ஊர்ப் பொதுமக்களாகிய நாங்கள் ஒருமனதாகக் கேட்டுக்கொள்கிறோம்.' டைப் செய்து முடித்து ஒரு தடவை வாய்விட்டு வாசித்தேன். நன்றாக இருந்தது. 'பாரபட்சமின்றி' என்கிற வார்த்தையை நினைத்து எனக்கே சந்தோஷம். அலமாரியைத் திறந்து எங்கள் ஊர்க் கட்டை எடுத்தேன். மேலே இருந்தவை அக்கா வாங்கிக் கொடுத்த தாள்கள். காட்டுப்பன்றித் தொல்லைக்கு மனுப் போடுவதற்காகப் போன மாதம் வாங்கியவை. அந்த மனு வேறு ஊர்க் கையெழுத்தோடு போய்விட்டதால் மிச்சமாக இருந்தன. அக்காவின் கையெழுத்து முதல் வரியில், கொட்டை எழுத்தில். மச்சானுடையது அடுத்த வரியில். உருவினேன், ஸ்டேப்ளர் அடித்தேன்.

அக்காவின் கத்தரித் தோட்டம் கண்மாய்க்குள் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா? அந்த மண்ணில் நானே மண்வெட்டி பிடித்திருக்கிறேன். ஆனால் ஆக்கிரமிப்பு என்று எழுதும்போது என் கண்ணுக்குத் தெரிந்தது அந்தத் தோப்பும் அதன் கம்பி வேலியும்தான். அக்காவின் தோட்டம் என் புத்தியில் வரவே இல்லை. இதை எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். உண்மைதான், ஆனால் சொல்லும்போது எனக்கே அது சாக்கு மாதிரிக் கேட்கிறது.

குறைதீர் கூட்டத்தில் மனு எடுபட்டது. செயலாளர் அதை வாசித்தபோது கைதட்டல் விழுந்தது. நடவடிக்கை எடுப்பதாக மேடையிலிருந்து பதில் வந்தது. எங்கள் மனுக்களுக்கு அப்படியொரு பதில் வழக்கமாக வரும், பிறகு ஒன்றும் நடக்காது. வெளியே வந்து டீ குடித்தோம். நானும் மறந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அக்கா போன் செய்தாள். "தம்பி, சர்வேயரு வந்து நம்ம காட்டுல கல்லு ஊன்றாரு. என்னான்னு கேட்டா, கண்மாயக் காலி பண்ணப் போறோம்ங்கிறாரு. நீ கொஞ்சம் வாரியா?" குரலில் பெரிய பதற்றம் இல்லை. தம்பி வந்தால் சரியாகிவிடும் என்கிற குரல். கடையைப் பூட்டிவிட்டு உசிலம்பட்டி பஸ் ஏறினேன். பஸ்ஸில் உட்கார்ந்து, இது அந்த மனுவாக இருக்கக் கூடாது, வேறு எவனாவது போட்ட மனுவாக இருக்க வேண்டும் என்று ஊர் வரும் வரைக்கும் சாமியைக் கும்பிட்டேன். எனக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவாகக் கிடையாது.

நான் போனபோது தெரு ஜனம் முழுக்கக் கண்மாய்க்குள் நின்றது. கத்தரி நல்ல காய்ப்பில் இருந்தது. மொச்சை பூ விட்டிருந்தது. இடையில் வெள்ளையடித்த கற்கள். ஒரு வருவாய் ஆய்வாளர் வரப்பில் நின்றுகொண்டு பைலைப் புரட்டிக்கொண்டிருந்தார். இளவயதுக்காரர், பேச்சில் மரியாதை இருந்தது. மச்சான் அவரிடம் கெஞ்சலும் கோபமுமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"எங்க அப்பா காலத்துல இருந்து வெள்ளாம பண்றோம் சார். எந்தப் படுபாவி மனுப் போட்டான்னு சொல்லுங்க, அவன்கிட்டக் கேட்டுக்கிறோம்."

ஆய்வாளர் அவருடைய பெயரைக் கேட்டுக்கொண்டார். பிறகு பைலிலிருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்தார். "நீங்கதானய்யா போட்டிருக்கீங்க. இது உங்க கையெழுத்துத்தான?"

மச்சான் வாங்கிப் பார்த்தார். ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தார்கள். அவரவர் கையெழுத்தை அவரவர் கண்டுபிடித்தார்கள். கைநாட்டு வைத்தவர்கள் தங்கள் பெயர் எங்கே என்று அடுத்தவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். தங்கள் நிலத்தைப் பிடுங்கச் சொல்லித் தாங்களே ஒருமனதாகக் கேட்டிருந்தார்கள். ஒரு கிழவர் சிரித்தேவிட்டார், என்ன செய்வதென்று தெரியாமல்.

தாள் கடைசியில் அக்காவிடம் வந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எத்தனையோ வருடமாக என் மனுக்களைப் பார்த்தவள். வாசகத்தை வைத்தே அது யார் எழுதியது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தெருக்காரர் ஒருவர் அவளிடம் திரும்பினார். "ஏத்தா, நீதான வீடு வீடா வந்து வாங்குன? பன்னி தொந்தரவுக்குன்னு சொல்லித்தான வாங்குன?"

"ஆமா."

"அப்ப இத எழுதுனது யாரு?"

நான் ஓரடி தள்ளித்தான் நின்றேன். வாயைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி. நான்தான் எழுதினேன், தோப்பை நினைத்து எழுதினேன், தப்பு என்னுடையது என்று மூன்று வார்த்தை. ஊரில் நான்தான் படித்தவன், நான்தான் எல்லாவற்றுக்கும் மனு எழுதுகிறவன். அந்தப் பெயரைக் கண்மாய்க்குள் வைத்து உடைக்க எனக்குத் தைரியம் இல்லை.

"கட்சி ஆபீசுல எழுதுவாக. எனக்கென்ன தெரியும்" என்றாள் அக்கா. "வாங்குனது நான்தான். எதுன்னாலும் என்னையக் கேளுங்க."

கேட்டார்கள். தோப்புக்காரனிடம் விலை போய்விட்டாள் என்றுகூட ஒருத்தி சொன்னாள். அவள் தோட்டமும்தானே போகிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. அக்கா அந்தத் தாளை ஆய்வாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு நின்றாள். நானும் நின்றேன். வாழ்க்கையில் எத்தனையோ தடவை கேவலப்பட்டிருக்கிறேன். அந்தப் பத்து நிமிஷத்துக்கு எதுவும் ஈடில்லை.

அன்றைக்கே செயலாளர் வீட்டுக்குப் போனேன். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கும் முகம் மாறியது. நடித்தார் என்று நான் சொல்லமாட்டேன். "அடடா" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார்.

"மனுவ வாபஸ் வாங்கிருவோம்ணே" என்றேன். "இல்லாட்டி, தோப்ப மட்டும்தான் சொன்னோம்னு இன்னொரு மனு குடுப்போம். பேரு போட்டே குடுப்போம்."

"அது எப்புடிப்பா முடியும்? கண்மாய் பாசனக்காரங்க அம்புட்டுப் பேரும் சந்தோசமா இருக்காங்க. இப்பப் போயி வாபஸ்னா கட்சி என்னாகுறது?"

"எங்க தெருவும் கட்சிதானண்ணே."

அவர் பேப்பரை மடித்துக் கட்டிலில் வைத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். "நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல. கண்மாய் தண்ணிக்குத்தான, வெள்ளாமைக்கா? தண்ணி நின்னா உங்க அக்காவுக்கும்தான் லாபம். நடவு, களையெடுப்புன்னு வருசம் பூராம் வேல இருக்கும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் அக்கா அவருடைய வயலில் களையெடுப்பது அவருக்கு லாபமாகத் தெரிந்தது. நான் எழுந்து கன்னாபின்னாவென்று கத்தினேன். "வேலைக்கு ஆளு வேணும்னா நேராச் சொல்லிருக்கலாம்லண்ணே, துண்டு எதுக்குப் போட்டுவிட்டீங்க?" என்று கேட்டேன். வீட்டுப் பெண்கள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவர் என்னைக் கோபிக்கவில்லை. "உக்காரு, காப்பி சாப்பிடு" என்றார். கண்மாய் என்றால் தண்ணீர் நிற்க வேண்டும் என்று அவர் சொன்னதில் தப்பில்லை. நானே அதை எத்தனை மனுவில் எழுதியிருக்கிறேன்! அந்தக் கோபத்தில் துண்டை அங்கேயே போட்டுவிட்டு வந்திருந்தால் இன்றைக்கு இதை எழுதும்போது கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். போடவில்லை. காப்பியையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

அக்கா தரப்பில் அவகாசம் கேட்டு ஒரு மனு எழுதினேன். காய்ப்பு முடியும் வரைக்கும் விடுங்கள் என்று கேட்டிருந்தேன். ஒரு வாரம் கொடுத்தார்கள். அந்த ஒரு வாரமும் தெரு முழுக்கக் காய் பறித்தது, பிஞ்சையும் சேர்த்து. மொச்சையைப் பறிக்க வழியில்லை. அது இன்னும் காய்க்கவே இல்லை.

மண் அள்ளும் இயந்திரம் ஒரு காலை வேளையில் வந்தது. போலீஸ் வேனும் வந்தது, ஆனால் அதற்கு வேலை இருக்கவில்லை. யாரும் மறிக்கவில்லை. நாங்களே கேட்டு வாங்கியதை நாங்களே எப்படி மறிப்பது? இயந்திரம் மேட்டில் ஏறி, வரப்பையும் செடியையும் சேர்த்து வழித்துக் கரைப் பக்கம் தள்ளியது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அக்கா முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். மச்சான் வீட்டிலிருந்து வெளியே வரவே இல்லை. தென்மூலைக்கு இயந்திரம் போகவில்லை. தோப்புக்காரர் கோர்ட்டில் தடை வாங்கிவிட்டார் என்றார்கள். அவரிடம் வக்கீல் இருந்தார். எங்களிடம் நான் இருந்தேன்.

அன்றைக்குப் பிறகுதான் மச்சானிடம் ஒப்புக்கொண்டேன். அக்கா காதில் விழும்படியே சொன்னேன். அவர் தலையைத் தூக்காமல், "தெரியும் மாப்ள. உங்க அக்கா அன்னைக்கே சொல்லிருச்சு. வெளிய சொல்லாதீங்கன்னும் சொல்லிருச்சு" என்றார். அக்கா அடுப்படியில் இருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். சின்ன வயதில் ஒரு தீப்பெட்டியைத் தொலைத்ததற்கே முதுகில் ஒன்று வைத்தவள். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன், எல்லாம் சரியாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், எல்லாம் சரியாக வேண்டும் என்கிற தேவை எனக்குத்தான் இருந்தது, அவளுக்கு இல்லை.

அந்த ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்தது. தோப்பையும் மீறிக் கண்மாய்க்குப் பாதிக்கு மேல் தண்ணீர் வந்தது. வயல்காரர்கள் வெகுகாலத்துக்குப் பிறகு நெல் போட்டார்கள். கட்சியில் அதை எங்கள் ஊரிலேயே மேடை போட்டு வெற்றி விழாவாகக் கொண்டாடினார்கள். மேடையில் என்னைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். 'நம் கட்சியின் பேனா' என்றார் செயலாளர். கூட்டத்தில் எங்கள் தெருக்காரர்கள் ஒருவரும் இல்லை. அவர்கள் நடவில் இருந்தார்கள். மேடையிலிருந்து இறங்கி வரும்போது ரோட்டோர வயலில் குனிந்திருந்த பெண்களில் அக்காவைத் தேடினேன். எல்லோரும் தலையில் துண்டு கட்டியிருந்ததால் யார் அவள் என்று தெரியவில்லை. நின்று பார்க்கவும் எனக்குத் தெம்பில்லை. சால்வையைப் பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கினேன்.

கட்சியை விட்டேனா என்றால், விட்டேன் என்றும் சொல்ல முடியாது. போன் வந்தால் எடுப்பதில்லை. அலமாரியில் இருந்த கையெழுத்துக் கட்டுகளை எல்லாம் எரித்துவிட்டேன். என் வீட்டுக்காரி, "பேப்பர்காரன்ட்டப் போட்டாக்கூட ஏதோ கெடச்சிருக்கும்" என்றாள். அத்தனை பேருடைய கையெழுத்து, எவன் கையில் சிக்கி என்னவாகுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயம் ஒரு வருடத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டும்.

போன மாசி மாதம், நிலமிழந்த குடும்பங்களுக்கு மாற்று இடம் கேட்டு மனுக் கொடுக்கலாம் என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொன்னார். கிடைக்குமா என்று தெரியாது. ஆனாலும் உட்கார்ந்து எழுதினேன். அலங்காரம் எதுவும் இல்லாமல், யார் யாருக்கு எவ்வளவு போனது, எந்த இடத்தில் போனது, என்ன வேண்டும் என்று மட்டும் எழுதினேன். தோப்புக்காரரின் பெயரையும் தோப்பின் சர்வே எண்ணையும் போட்டேன். நான் எழுதியதிலேயே நேர்மையான மனு அதுதான். எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஊருக்குப் போனேன்.

அக்கா அப்போதுதான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். சுவரில் கட்சி அட்டை இல்லை, ஆணி மட்டும் இருந்தது. நான் மனுவை எடுத்துப் பிரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்க வாய் திறந்தேன்.

"நீ வாசிக்காத தம்பி" என்றாள் அக்கா. குரலில் கோபமே இல்லை. உள்ளே பார்த்துத் தன் மருமகளைக் கூப்பிட்டாள். கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண். பன்னிரண்டாவது வரை படித்தவள். "ஏத்தா, இங்க வா. மாமா ஏதோ எழுதிட்டு வந்திருக்காக. என்னான்னு வாசி."

அந்தப் பெண் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, தாளை வாங்கிச் சுவர் பக்கம் திரும்பி நின்று வாசித்தாள். இரண்டு பக்கம். ஒரு இடத்தில் அக்கா நிறுத்தச் சொல்லித் திரும்ப வாசிக்கச் சொன்னாள். தன் பெயர் வருகிற இடம் அது. நான் முழங்காலைக் கட்டிக்கொண்டு, பாடம் ஒப்பிக்க வந்தவனைப் போல உட்கார்ந்திருந்தேன்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான் அத்தை."

"நாம கேக்காதது எதுவும் அதுல இல்லையே? நல்லாப் பாத்தியா?"

"இல்ல அத்தை. நல்லாப் பாத்துட்டேன்."

அக்கா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள், அதே கொட்டை எழுத்தில். கையெழுத்துக்குக் கீழே அரைப் பக்கம் காலியாகக் கிடந்தது. கொஞ்ச நேரம் அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும், பேனாவை அழுத்திக் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.

"சோறு இருக்கு, சாப்பிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.